மூன்று தரம் ஏலம் விட்ட ஆகாயத்தாமரை

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

போன மாதம் என்னைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, "சார், உங்க சர்வீஸ்ல மறக்கவே முடியாத அனுபவம் ஒண்ணு சொல்லுங்க" என்று மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். ஏரி உடைப்பு, புயல், வெள்ளம் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தீர்கள். நான் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கிழவருக்கு மறந்துபோச்சு என்று பின் வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. மறக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதினால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் எழுதுகிறேன்.

உடைப்பில் எல்லாம் நான் தப்பு செய்ததில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால் எவனுக்கும் புத்தி வந்துவிடும். என் பணிக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பு, ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னது. அதையும் எழுத்து மூலம் சொன்னேன், கையெழுத்துப் போட்டு.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் ஜூனியர் இன்ஜினியர். வீடு விழுப்புரத்தில், அலுவலகம் திண்டிவனத்தில், என் பொறுப்பிலிருந்த ஏரி இரண்டுக்கும் நடுவில். ஏரியின் பெயரையும் துறையின் பெயரையும் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அந்த வழி பஸ்ஸில்தான் போய் வருகிறார்கள்.

அந்த ஏரியை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. உங்களுக்குத் தெரியாத செடி இல்லை. உப்பிய தண்டு, ஊதாப் பூ, பார்க்க லட்சணமாக இருக்கும். இந்த வாரம் முறம் அளவு இருந்தால் அடுத்த மாதம் நெல் களம் அளவு இருக்கும். தண்ணீர் எது கரை எது என்று தெரியாமல் ஒரு எருமை நடு ஏரியில் போய் மாட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கத்தியது. மதகு அடைத்துக்கொண்டு கீழே இருந்த வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. ஆனி முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. காலனி ஜனங்கள் ஆணும் பெண்ணுமாக மார்பளவுத் தண்ணீரில் நின்று பதினைந்து நாளில் எடுத்து முடித்தார்கள். கரைமேல் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பச்சையாகக் குவிந்து கிடந்தது.

அதுவரைக்கும் எனக்கு நல்ல பேர். எடுப்பது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். எடுத்ததை என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் ஒரு வரி கிடையாது. தூரத்து மேட்டு நிலத்துக்கு வண்டி வைத்து ஓட்டி, காயப்போட்டு, குழி வெட்டிப் புதைத்துவிடலாம் என்று நானே யோசித்து, அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினேன். அந்த யோசனை சரியானது. அதில் நின்றிருந்தால் இன்று உங்களுக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

கடிதம் எங்கள் தலைமை எழுத்தர் மேஜைக்குப் போனது. அவர் பெயரும் வேண்டாம், மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். நேர்மையானவர். கான்ட்ராக்டர் வாங்கிக் கொடுத்த காபியை ஒருநாளும் தொட்டதில்லை. விதியைப் படிப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். "பாதியில நிறுத்தாதீங்க சார். கடைசி வரியிலதான் உயிரு இருக்கும்" என்பார். அன்று என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"பொதைக்கப் போறீங்களா? யாரு சொத்து அது?"

"களைச் செடிங்க அது."

"ஏரியில வெளைஞ்ச செடி. ஏரி யாருது? கவர்மென்டுது. மீன ஏலம் உடறோம். புல்ல ஏலம் உடறோம். காத்துல விழுந்த கருவேல மரத்தக்கூட ஏலம் உட்டுத்தான் வெட்றோம். இத மட்டும் குழியில போட்டு மூடிட்டா, நாளைக்கு ஆடிட்டுக்காரன் வந்து சொத்து எங்கன்னு கேப்பான். குழியத் தோண்டிக் காட்டுவீங்களா?"

"இத யாருங்க ஏலம் எடுப்பாங்க?"

"எடுக்கலன்னா எடுக்கலன்னு எழுதிக்கலாம். எடுக்க மாட்டாங்கன்னு நாமளா எழுதக் கூடாது."

ஏல அறிவிப்பு தயாரித்தோம். அதில் பொருளின் அளவு என்று ஒரு கட்டம், தரம் என்று ஒரு கட்டம். அளவைக் குவியலை அளந்து எழுதினேன். தரத்துக்கு என்ன எழுதுவது? காலியாக விட்டால் தலைமை எழுத்தர் திருப்பி அனுப்புவார். பேனாவைக் கடித்து யோசித்து, "பசுமையானது, செழிப்பானது, மாட்டுத் தீவனத்துக்கும் எருவுக்கும் உகந்தது" என்று எழுதினேன். எந்த மாட்டையும் நான் கேட்கவில்லை.

தண்டோரா போட்டோம். ஏலத்துக்கு வந்தது தலைமை எழுத்தர், நான், ஏரியின் லஸ்கர் கோவிந்தன், இரண்டு வெள்ளாடு. லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடுகிற ஊழியர், உங்கள் காலத்தில் அந்தப் பதவி இருக்கிறதா தெரியவில்லை. ஆடுகள் குவியலை முகர்ந்து பார்த்துவிட்டு, கரையில் ஒட்டியிருந்த ஏல அறிவிப்பைப் பசையோடு தின்றுவிட்டுப் போயின. கேட்பவர் இல்லை என்று எழுதி, மறு ஏலத்துக்கு ஒரு மாதம் தள்ளி நாள் குறித்தோம்.

புறப்படும்போது தலைமை எழுத்தர் சொன்னார்: "அது வரைக்கும் பொருளு சேதாரம் ஆவக் கூடாது. அறிவிப்புல பசுமைன்னு போட்டிருக்கீங்க. காஞ்ச சரக்க ஏலம் உட்டா மோசடின்னு ஆயிடும், பாத்துக்குங்க."

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. மோசடி என்ற சொல்லைக் கேட்டால் அந்த வயசில் அறிவு முதலில் ஓடிவிடும், கால்தான் நிற்கும். கோவிந்தன் கேட்டார்: "காயாம எப்பிடி சார் பாத்துக்கறது?"

"காலையில ரெண்டு தரம், சாயங்காலம் ரெண்டு தரம் தண்ணி தெளிச்சு விடு. யாரும் தொடாம காவலும் பாத்துக்க."

"எழுதிக் குடுத்துடுங்க சார். நாளைக்கு எவனாச்சும் கேட்டான்னா காட்டணும்."

எழுதிக் கொடுத்தேன். பதினைந்து நாள் ஆள் போட்டுத் தண்ணீரிலிருந்து எடுத்த செடிக்கு, அதே ஏரியிலிருந்து மொண்டு தண்ணீர் ஊற்றினோம். கோவிந்தன் பொய் சொல்லத் தெரியாத மனிதர். எங்கிருந்தோ பூவாளி வாங்கி வந்தார். வெயில் அதிகமாக இருந்த பக்கம் தென்னங்கீற்றால் பந்தல் போட்டார். பத்தாம் நாள் கரைமேல் ஊதா ஊதாவாகப் பூத்துவிட்டது. "பாத்தீங்களா சார், எப்பிடி வந்திருக்குது" என்று பெருமையாகக் காட்டினார். நல்லா இருக்கு என்று நானும் சொன்னேன். ஆமாம், சொன்னேன்.

இனிமேல் நடந்ததற்கு ஜனங்களைக் குறை சொல்லக் கூடாது. அரசாங்கம் ஒரு பொருளுக்குக் காவல் போட்டு, பந்தல் போட்டு, நாலு வேளை தண்ணீர் ஊற்றினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? விழுப்புரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார், அது சர்க்கரை வியாதிக்கு மருந்தாம். முன் சீட்டுக்காரர் திரும்பி, இல்லை, அதிலிருந்து பெட்ரோல் எடுக்கிறார்கள், கப்பல் வருகிறது என்றார். அது வெறும் களை என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"களைக்கு எவனாச்சும் பந்தல் போடுவானா? நீங்க எங்க வேல பாக்கறீங்க?"

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற கூட்டத்தில் ஒரு பெண் அந்தப் பூவைத் தலையில் செருகியிருந்ததைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டாவது ஏலத்திலும் கேட்பவர் இல்லை. ஆனால் குவியல் பாதியாகிவிட்டிருந்தது. கோவிந்தன் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துக் கூடை கூடையாக எடுத்துப் போயிருக்கிறார்கள். சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். தலைமை எழுத்தர் விடவில்லை. "கவர்மென்ட் சொத்து களவு போயிருக்குது. புகார் குடுங்க."

அதிலும் கையெழுத்துப் போட்டேன். காவல் நிலையத்தில் ரைட்டர் நியாயமாகக் கேட்டார்: "செடிக்கு ஏதாச்சும் அடையாளம் உண்டுங்களா சார்?"

"பச்சையா இருக்கும்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். நானும் அன்று ரைட்டரோடு சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் வந்தேன். இங்கே சிரிப்பை நிறுத்துங்கள். புகார் வந்தால் போலீஸ் எங்கே முதலில் போகும்? ஏரியில் இறங்கி வேலை செய்த காலனி ஜனங்களிடம் போகும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். கையெழுத்துப் போடும்போது நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதை எழுதும்போது இன்னும் கூசுகிறது.

ஆவணி கடைசியில் ஒரு நாள் அஞ்சலை அலுவலகத்துக்கு வந்தாள். பதினைந்து நாளும் ஏரியில் நின்று செடி எடுத்தவர்களில் ஒருத்தி, காலனியைச் சேர்ந்தவள், முப்பது வயசு இருக்கும். வாசலில் நிற்காமல் நேரே என் மேஜைக்கு வந்தாள்.

"சார், எங்க குட்டையில ஒங்க செடி வந்து படுத்துக்கினு கீது. எடுத்துக்கினு போங்க."

"எப்படிம்மா வந்தது?"

அவள் மறைக்கவில்லை. "எங்க ஊட்டுக்காரரு ஒரு கூட தூக்கியாந்து உட்டாரு. கவர்மென்டே தண்ணி ஊத்தி வளக்குது, நாமளும் நாலு வளத்தா வெல வரும்னு. நான் கடலைக் கொல்லையில மல்லாட்டை புடுங்கப் போயிருந்தேன். இருந்திருந்தா கூடையோட அவரையும் சேத்துக் குட்டையிலயே தள்ளியிருப்பேன். இப்ப பாதிக்கு மேல மூடிக்கிச்சு. தண்ணி நாறுது. கொடத்த முக்குனா வேருதான் வருது."

"பிடுங்கிப் போட்டுடலாமே."

"புடுங்குனோம். போலீஸ்காரரு வந்து, திருட்டுச் சொத்த எடம் மாத்துனா அது தனிக் கேசுன்னாரு. யாரு கொண்டாந்து போட்டதுன்னு தெனம் கேக்கறாரு. இப்ப யாரும் கிட்டவே போவல."

"அப்ப தண்ணிக்கு?"

"ஊர்க் கெணத்துக்குப் போறோம்." அவள் குரல் இறங்கிவிட்டது. "நாங்க எறைக்கக் கூடாதுங்க. கொடத்தக் கீழ வெச்சுட்டுத் தள்ளி நிக்கணும். மனசு வந்து யாராச்சும் ஊத்துனா உண்டு. அப்பிடி நிக்கக் கூடாதுன்னுதான் எங்க மாமனாரெல்லாம் சேந்து அந்தக் குட்டைய வெட்டுனாங்க. இன்னைக்கு மறுபடியும் நிக்கறோம் சார், ஒரு செடியால."

தலைமை எழுத்தர் தன் இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். யோசித்துச் சொன்னார்: "குட்டை பஞ்சாயத்துது. செடி நம்மளுது. நாம எடுக்கணும்னா குட்டையில கால வெக்கணும், அதுக்கு அவங்க அனுமதி வேணும். அவங்க எடுக்கணும்னா நம்ம சொத்தத் தொடணும், அதுக்கு நம்ம அனுமதி வேணும். நீங்க அவங்களுக்கு எழுதுங்க சார். அவங்க நமக்கு எழுதட்டும்."

"எழுதி முடிக்கற வரைக்கும் நாங்க இன்னாத்தக் குடிக்கறது?" என்றாள் அஞ்சலை.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

நான் நேரே காவல் நிலையத்துக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "பொருளு கெடைச்சிருச்சுன்னு எழுதணும் சார். எங்க கெடைச்சுது, யார்கிட்டன்னும் எழுதணும்" என்றார் ரைட்டர். எழுதினால் அஞ்சலையின் கணவன் உள்ளே போவான். எழுதாவிட்டால் குட்டை மூடும். ஐப்பசி மழை பிடித்தால் குட்டை வழிந்து வாய்க்காலில் கலந்து, திரும்ப என் ஏரிக்கே செடி வரும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதை. ஆனால் குடைச்சல் எனக்கில்லை, மடி வேறு யாருடையதோ.

அன்று சாயங்காலம் விழுப்புரம் பஸ்ஸில் ஏல நிபந்தனைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, தலைமை எழுத்தர் சொல்லிக் கொடுத்தபடி கடைசி வரி வரைக்கும் படித்தேன். அச்சடித்த தாள். எத்தனையோ ஏலத்தில் யாரும் படிக்காமல் ஒட்டிய தாள். முடிவில் இப்படி இருந்தது: ஏலம் முடிந்த கணம் முதல், அறிவிப்பில் கண்ட அளவு முழுவதும் ஏலம் எடுத்தவருக்கே சொந்தம். அதில் களவு போனதற்கோ இடம் மாறியதற்கோ அரசு பொறுப்பல்ல. எங்கே இருந்தாலும் தேடி எடுத்துக்கொள்வது ஏலதாரர் பாடு. பதினைந்து நாளில் மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும், எடுத்துவிட்டார் என்று அலுவலர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும்.

அறிவிப்பில் கண்ட அளவு, களவு போவதற்கு முன்பு நான் அளந்த அளவு. அப்படியென்றால் ஏலம் எடுத்தவர் கரையில் கிடப்பதை மட்டும் வாங்கவில்லை, திருடு போனதையும் சேர்த்து வாங்குகிறார். சொத்து அவருடையது ஆகிவிட்டால், எனக்குப் புகார் இல்லை என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். யோசித்துக்கொண்டே நான் விழுப்புரம் தாண்டிப் போய்விட்டேன். கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்டார், நான் தூங்கவில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

மறுநாள் காலனிக்குப் போனேன். குட்டையைப் பார்த்தேன். ஒரு மூலையில் கை அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. அஞ்சலையிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"தண்ணி ஊத்தி வளத்தது நீங்க. போலீச அனுப்புனது நீங்க. இப்ப அந்தச் செடிய நான் வெல குடுத்து வாங்கணுமா?"

"ஆமாம்மா."

"புத்தி கித்தி கலங்கிப் போச்சா சார் ஒங்களுக்கு?"

ஏலத்துக்கான குறைந்தபட்சத் தொகை ஐந்து ரூபாய். அதை நானே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "வாங்கறதுன்னா எங்க காசுல வாங்கறோம். அப்பத்தான் அது எங்களுது."

மூன்றாவது ஏலத்துக்குக் கூட்டம் வந்துவிட்டது. போலீஸ் தேடுகிற செடி என்றால் சும்மாவா? ஊர்ப் பெரிய மிராசுதாரர் ஒருவர் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார். தன் கரும்புத் தோட்டத்துக் குளத்தில் இரண்டு வண்டி செடி அவர் ஏற்கெனவே விட்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். தீவனம் என்று நான் எழுதியதை நம்பியவர் அவர். கொஞ்சம் தள்ளி அஞ்சலையும் காலனிப் பெண்களும் நின்றார்கள்.

அஞ்சலை ஐந்து என்றாள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு ஆறு என்றார். அவள் ஏழு என்றாள். அவர் பத்து என்றார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், மறுபடி முடிந்துகொண்டாள்.

"பத்து ரூபா ஒரு தரம்" என்றார் தலைமை எழுத்தர்.

மிராசுதாரர் ஏலம் எடுத்தால் குட்டைச் செடியும் அவருடையது. குட்டையிலிருந்து அவர் எடுக்க மாட்டார், மற்றவர்களை எடுக்கவும் விட மாட்டார். என்னால் ஏலம் கேட்க முடியாது, நிறுத்த முடியாது, அஞ்சலைக்குக் காசு நீட்ட முடியாது. அந்த இடத்தில் எனக்கு மிச்சமிருந்தது படிக்கத் தெரியும் என்பது மட்டும்தான்.

"நிபந்தனையப் படிக்காம ரெண்டாம் தரம் சொல்லக் கூடாதுங்களே" என்றேன்.

தலைமை எழுத்தர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எத்தனை வருஷமாக யாராவது இதைக் கேட்பார்கள் என்று காத்திருந்தாரோ. "படிங்க சார், படிங்க" என்றார். நான் நிதானமாகப் படித்தேன். எங்கே இருந்தாலும் தேடி எடுப்பது ஏலதாரர் பாடு என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். பதினைந்து நாளில் எடுக்காவிட்டால் அபராதம் என்பதையும் இரண்டு தரம்.

மிராசுதாரர் நிமிர்ந்தார். "திருடு போனதயும் நாந்தான் தேடணுமா?"

"ஆமாங்க. குட்டை, கெணறு, தொட்டி, எங்க இருந்தாலும்."

"ஊர் ஊரா செடி தேடிக்கினு எவன் திரியறது? இது பெரிய பேஜாரா இருக்குதே. எனுக்கு வேணாம்பா, அந்தப் பொம்பளையே எடுத்துக்கட்டும்."

ஏழு ரூபாய் மூன்று தரம். ரசீது அஞ்சலையின் பெயருக்கு எழுதப்பட்டது. தென்னார்க்காட்டில் எங்கெங்கோ மிதந்துகொண்டிருந்த அத்தனை செடிக்கும் அவள் சொந்தக்காரி ஆகிவிட்டாள். முதல் வேலையாகக் காவல் நிலையத்துக்குப் போய், எஞ் செடி எங்க குட்டையிலதான் கீது, நாந்தான் வெச்சிருக்கேன், புகார் ஒண்ணும் இல்ல என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கே காலனி முழுக்கக் குட்டையில் இறங்கிவிட்டது.

மூன்றாம் நாள் கோவிந்தனையும் கூட்டிக்கொண்டு மிராசுதாரர் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். கோவிந்தன் வந்து சொன்னதைச் சொல்கிறேன்.

"எஞ் செடி ஒங்க கொளத்துல கீதுங்க. ஆள உட்டு எடுத்துக் குடுத்துடுங்க" என்றாளாம்.

"முடியாதுன்னா இன்னா பண்ணுவ?"

"நான் இன்னா பண்ணப் போறேன். ஸ்டேஷன்ல போயி, எஞ் செடி இன்னார் கொளத்துல கீதுன்னு சொல்லிட்டு ஊட்டுக்குப் போவேன். அடையாளம் எல்லாம் முன்னயே எழுதி வெச்சிருக்காங்க. பச்சையா இருக்குமாம்."

இரண்டு நாள் அவருடைய ஆட்கள் செடி எடுத்தார்கள். அவருடைய மாட்டு வண்டியே அவள் கை காட்டிய இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் எட்டாத ஒரு கற்பாறை மேடு அது. நான் போனபோது பெண்கள் ஒவ்வொரு செடியாகக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேரு வானத்தப் பாக்கணும் சார். மண்ணு மேல வேரு பட்டா தூத்தல்லயே பொழைச்சுக்கும். கோரை புடுங்கறவளுக்கு இது கூடவா தெரியாது" என்றாள் அஞ்சலை. பதினைந்து நாள் ஏரியில் நின்றாளே, அப்போது யாராவது அவளை ஒரு வார்த்தை கேட்டோமா?

பதினோராம் நாள் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். எங்கள் வராந்தாவில் ஒரு சிமென்ட் தொட்டி உண்டு. அதில் ஒரு ஆகாயத்தாமரை, பூவோடு. முதல் ஏலத்தன்று தலைமை எழுத்தர் அழகுக்காக எடுத்து வந்து வைத்தது. நாங்கள் எல்லாரும் தினம் அதைத் தாண்டித்தான் உள்ளே போனோம், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அவள் தொட்டியைப் பார்த்தாள், ரசீதை எடுத்தாள், அவர் மேஜைமேல் வைத்தாள்.

அவர் ரசீதைப் படித்தார். நிபந்தனையையும் எடுத்துக் கடைசி வரி வரை படித்தார். எழுந்து போய்த் தானே செடியைத் தூக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட அவளிடம் கொடுத்தார். பிறகு ஒரு தாளில் "ஆகாயத்தாமரை ஒன்று, பூவுடன், உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதி அவளிடம் கைநாட்டு வாங்கிக் கோப்பில் வைத்தார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். அஞ்சலை அந்தச் செடியை எங்கள் வாசற்படியில் வெயிலில் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சுருண்டதப் பாத்துட்டுப் போறேன்" என்றாள். அன்று எல்லாரும் அவளையும் செடியையும் சுற்றிக்கொண்டு போய் வந்தோம்.

ஏரிக்கரைக் குவியலும் சேர்ந்து மேட்டில் மலையாகக் கிடந்தது வெயிலில் வற்றி, கடைசியில் இரண்டு வண்டிக்குக் காணவில்லை. பச்சை ஒரு துளி இல்லை என்று பார்த்த பிறகு குழியில் சாணியோடு போட்டு மூடினார்கள். அடுத்த வருஷம் கேப்பைக்கு எருவாகப் போட்டார்கள் என்று கேள்வி. எரு என்று நான் எழுதியது அப்படியாவது உண்மையானது.

இப்போது உங்களிடம் மிஷின் இருக்கிறது, படகு இருக்கிறது. ஒரு நாளில் ஏரியை வழித்துவிடுவீர்கள். சாயங்காலம் கான்ட்ராக்டர் போன் செய்து, "எங்க சார் கொட்டறது, ஜல்தியா சொல்லுங்க, லாரி நிக்குது" என்பான். போனில் பதில் சொல்லாதீர்கள். போய்ப் பாருங்கள். மழை பெய்தால் அந்த இடத்துத் தண்ணீர் எங்கே ஓடும் என்று பாருங்கள். யாருக்காவது உபயோகப்படும் என்று உயிரோடு ஒரு செடியைக்கூடக் கொடுக்காதீர்கள், அழகாக இருக்கிறது என்று தொட்டியில் வைக்காதீர்கள். முதலில் சாகட்டும், அப்புறம் தானம் செய்யலாம். விதை சேற்றில் வருஷக்கணக்கில் கிடக்கும், அதனால் ஜெயித்துவிட்டோம் என்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

பதினைந்தாம் நாள் மிச்சமில்லாமல் எடுத்தாயிற்று என்று நான் சான்று கொடுக்க வேண்டும். ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்திருந்தது. அஞ்சலை தாளைக் கொண்டு வந்து நீட்டினாள். அவள்மேல் நம்பிக்கை, பஸ்ஸுக்கு நேரம் வேறு. பேனாவை எடுத்துவிட்டேன். அவள் தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"பாக்காம நீங்க போட்ட கையெழுத்தெல்லாம் போதும் சார். வாங்க."

போனேன். குட்டை சுத்தமாக இருந்தது. மழைத் தண்ணீரில் வானம் தெரிந்தது. காலனி மொத்தமும் கரையில் நின்று என்னைப் பார்த்தது. நான் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுத் தாளைக் கேட்டேன். அவள் தரவில்லை. குட்டையில் இறங்கி ஒரு சொம்பு மொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

இரண்டு கையாலும் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தேன். கொஞ்சம் மண் வாசனை இருந்தது.

சொம்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தாளை என் கையில் கொடுத்தாள்.

"இப்பப் போடுங்க" என்றாள்.